கிராஃபில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது?

ஒரு கிகாபிட் லிங்க். மாலையானால் வேகம் குறைகிறது என்று புகார் வருகிறது. கண்காணிப்புக் கருவியின் கிராஃபைத் திறந்தால் நொடிக்கு 71 மெகாபிட் என்று சாதுவாகக் காட்டுகிறது. ஐந்து நிமிடம் கழித்து 20, அப்புறம் 108, திரும்ப 35. ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் எந்த நாளிலும் 114-ஐத் தாண்டவே இல்லை. இந்த 114 என்ற கூரை கண்ணில் பட்டுவிட்டால் கேபிளை மாற்றவோ ஆப்டிக்கைக் கழற்றித் துடைக்கவோ ஓட வேண்டாம். உங்கள் கருவி 32 பிட் கவுன்ட்டரைப் படித்துக்கொண்டிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஸ்என்எம்பி-யில் (சாதனங்களிடம் எண்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) ஒரு போர்ட்டுக்குள் வரும் பைட்டுகளை எண்ணும் பழைய கவுன்ட்டரின் அடையாள எண் 1.3.6.1.2.1.2.2.1.10. வெளியே போவதற்குக் கடைசி எண் மட்டும் 16. இரண்டும் 32 பிட். 4,294,967,296 பைட் எண்ணி முடித்ததும் மறுபடி சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். பிட்டில் சொன்னால் சுமார் 3,436 கோடி. 300 நொடிக்கு ஒருமுறை படிக்கும் கருவிக்கு, நொடிக்கு 114.5 மெகாபிட்டுக்கு மேல் ஓடினால் நடுவில் எத்தனை சுற்று சுற்றியது என்று தெரிய வழியே இல்லை. உண்மையில் 300 மெகாபிட் ஓடியிருந்தால் இரண்டு சுற்றைத் தொலைத்துவிட்டு மிச்சம் 71-ஐக் காட்டும். ஒரு கிகாபிட் முழு வேகத்தில் இந்தக் கவுன்ட்டர் 34 நொடியில் ஒரு சுற்று முடித்துவிடும். 10 கிகாபிட்டில் 3.4 நொடி.

64 பிட் கவுன்ட்டர்கள் வேறு அட்டவணையில் இருக்கின்றன. உள்ளே வருவதற்கு 1.3.6.1.2.1.31.1.1.1.6, வெளியே போவதற்கு அதே வரிசையில் 10. சாதனத்தில் அது இல்லையோ என்ற சந்தேகம் தேவையில்லை. இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரான ஆர்எஃப்சி-யில் 2000-இல் வந்த 2863 இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 20 மெகாபிட்டுக்கு மேல் ஓடும் போர்ட்டுக்கு பைட் கவுன்ட்டர் 64 பிட்டில் இருந்தே ஆக வேண்டும், 650 மெகாபிட்டிலிருந்து பாக்கெட் கவுன்ட்டரும் அப்படியே. பிறகு ஏன் கருவி பழையதைப் படிக்கிறது? பெரும்பாலும் ஒரே காரணம்தான். சாதனத்தைக் கருவியில் சேர்க்கும்போது யாரோ எஸ்என்எம்பி பதிப்பு 1 என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள். அந்தப் பதிப்பில் 64 பிட் எண் என்ற வகையே கிடையாது. கருவி கேட்கும், கிடைக்காது, சத்தம் போடாமல் 32 பிட்டுக்கு இறங்கிவிடும்.

இந்தப் பதிவு முழுக்க இதே ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வரப் போகிறது. கிராஃபில் தெரியும் ஒவ்வொரு எண்ணும் ஏதோ ஒரு ஆர்எஃப்சி-யில் வரையறுக்கப்பட்டது. எது எண்ணப்படுகிறது, எது எண்ணப்படவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. டாஷ்போர்டை எவ்வளவு அழகாகக் கட்டினாலும், அந்த வரியைப் படிக்காதவரை பாதி நேரம் இல்லாத பழுதைத் தேடிக்கொண்டிருப்போம்.

கவுன்ட்டரில் இன்னும் சில பொறிகள்

அதே சுற்று வந்தாலும் ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகத் தப்பு செய்யும். தரவைச் சேமித்து கிராஃப் வரையும் ஆர்ஆர்டிடூலில் தரவு வகையைக் கவுன்ட்டர் என்று வைத்திருந்தால், எண் குறைந்தாலே அது சுற்றி வந்துவிட்டது என்று முடிவு கட்டி 32 அல்லது 64 பிட் எல்லையைக் கூட்டிக்கொள்ளும். ரௌட்டர் ரீபூட் ஆகி எண் சுழியமானால் அதையும் சுற்று என்றே நினைத்து வானளாவ ஒரு கூர்முனையை வரைந்துவிடும். அந்த ஒரு முனையால் மொத்த கிராஃபும் தரையோடு ஒட்டிப் போகும். டெரைவ் வகையை எடுத்துக் குறைந்தபட்ச மதிப்பைச் சுழியம் என்று வைத்தால் அந்த இடம் வெறுமையாக விடப்படும். இல்லாவிட்டால் அதிகபட்ச மதிப்பாக லிங்கின் வேகத்தையாவது கொடுத்து வையுங்கள். இன்னொரு கண்காணிப்புக் கருவியான ப்ரோமிதியஸ் நேர் எதிர். எண் குறைந்தால் ரீசெட் என்று எடுத்துக்கொண்டு புதிய எண்ணை மட்டும் கூட்டும். ரீபூட்டுக்கு அது சரி. 32 பிட் சுற்றுக்கு, சுற்றும் முன் ஓடிய பகுதி கணக்கிலிருந்து காணாமல் போகும்.

ப்ரோமிதியஸ் எண்களை 64 பிட் மிதவைப் புள்ளியாகச் சேமிக்கிறது, அதில் துல்லியம் 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான். அதனால் எஸ்என்எம்பி எண்களை அதற்குக் கொண்டுவரும் எக்ஸ்போர்ட்டர் பெரிய கவுன்ட்டர்களை அந்த இடத்திலேயே சுற்றிவிடுகிறது. 100 கிகாபிட் முழுதாக ஓடினால் எட்டு நாளைக்கு ஒருமுறை இது நடக்கும். அந்த ஒரு இடைவெளியில் சின்னப் பள்ளம் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

சதவீதக் கணக்குக்கு லிங்க் வேகத்தை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பழைய அட்டவணையில் வேகத்துக்கான எண் 32 பிட், அதன் உச்சம் 4.29 கிகாபிட். 10 கிகாபிட் போர்ட்டில் 5 கிகாபிட் ஓடினால் 116 சதவீதம் என்று அலர்ட் வரும். புதிய அட்டவணையில் 15 என்று முடியும் எண்ணை எடுங்கள், அது மெகாபிட் அலகில் இருக்கும்.

போர்ட்டை அதன் வரிசை எண்ணால் அடையாளம் வைத்திருந்தால் என்றாவது ஒரு நாள் கிராஃப்கள் இடம் மாறும். அந்த எண் ஒரு ரீபூட்டிலிருந்து அடுத்த ரீபூட் வரைதான் மாறாமல் இருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 2863. கார்டு ஒன்றைச் சேர்த்து ரீபூட் செய்தால் அப்லிங்கின் வரலாறு யாரோ ஒரு வாடிக்கையாளர் போர்ட்டின் தலையில் விழலாம். போர்ட்டின் பெயரை வைத்து அடையாளம் காணும்படி கருவியை அமையுங்கள்.

சாதனம் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பதற்கான 1.3.6.1.2.1.1.3.0-வும் 32 பிட், அலகு நொடியில் நூறில் ஒரு பங்கு. 497 நாளில் சுழியமாகும். ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய சாதனம் நள்ளிரவில் ரீபூட் ஆனதாக அலர்ட் வந்து, லாகில் ஒன்றுமே இல்லை என்றால் இதுதான். 1.3.6.1.6.3.10.2.1.3.0 நொடிக்கணக்கில் எண்ணுகிறது, அது சுற்ற 68 வருடம் ஆகும்.

இனி எல்லாவற்றையும்விட அதிகம் பேரை ஏமாற்றுவது. பைட் கவுன்ட்டர் ஈதர்நெட் ஃப்ரேமின் தலைப்பையும் கடைசி நான்கு சரிபார்ப்பு பைட்டுகளையும் சேர்த்து எண்ணும். ஃப்ரேமுக்கு முன்னால் போகும் 8 பைட் முன்னோட்டத்தையும், இரண்டு ஃப்ரேமுக்கு நடுவே விட வேண்டிய 12 பைட் இடைவெளியையும் எண்ணாது. ஆனால் கம்பியில் அந்த 20 பைட்டுக்கும் நேரம் செலவாகிறது. 1518 பைட் ஃப்ரேம்களாக இருந்தால் வித்தியாசம் ஒரு சதவீதச் சொச்சம், கவலையில்லை. எல்லாமே 64 பைட் ஃப்ரேமாக இருந்தால் 84-க்கு 64 தான் கணக்கில் வரும். ஒரு கிகாபிட் லிங்க் நொடிக்கு 14.88 லட்சம் பாக்கெட்டோடு மூச்சுமுட்டி நிற்கும்போது கிராஃப் 762 மெகாபிட் என்று காட்டும், நீங்களும் இன்னும் கால்வாசி இடம் இருக்கிறது என்று நம்புவீர்கள். சிறு பாக்கெட்டுகளால் வரும் தாக்குதலில் நடப்பது இதுதான். பைட் கிராஃபுக்குப் பக்கத்தில் பாக்கெட் கிராஃப் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சராசரி மறைப்பது

ஐந்து நிமிடச் சராசரி 20 சதவீதம், ஆனாலும் வெளியே அனுப்ப முடியாமல் கொட்டிய பாக்கெட்டுகளை எண்ணும் டிஸ்கார்ட் கவுன்ட்டர் ஏறிக்கொண்டே இருக்கிறது. கவுன்ட்டர் பொய் சொல்லவில்லை. 10 கிகாபிட் போர்ட்டில் வருவது ஒரு கிகாபிட் போர்ட்டில் வெளியேறும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் 10 மில்லிநொடி மட்டும் வெள்ளம் வந்தால் உள்ளே 12.5 மெகாபைட் வரும், அதே நேரத்தில் வெளியே 1.25 மெகாபைட்தான் போகும். மீதி 11.25 மெகாபைட்டை பஃபர், அதாவது தற்காலிக நினைவகம், தாங்க வேண்டும். சிறிய ஸ்விட்சுகளில் எல்லா போர்ட்டுக்கும் சேர்த்தே பஃபர் சில மெகாபைட்தான். மிச்சம் கீழே கொட்டும். 300 நொடியில் 10 மில்லிநொடி என்பது சராசரியில் தூசு.

ஒவ்வொரு நொடியும் படித்தால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. பல சாதனங்களில் ஹார்ட்வேர் எண்ணும் கவுன்ட்டரை மென்பொருள் சில நொடிக்கு ஒருமுறைதான் எடுத்து எஸ்என்எம்பி-க்குக் கொடுக்கிறது. அதைவிட வேகமாகக் கேட்டால் சுழியம், சுழியம், சுழியம், பிறகு ஒரு மலை என்று ரம்பப் பல் மாதிரி வரும். அதை வெடிப்புப் போக்குவரத்து என்று நினைத்துவிடக் கூடாது. டிஸ்கார்ட் கவுன்ட்டரையே நேரடியாக அலர்ட்டுக்கு வைப்பதுதான் நல்லது. விளைவை எண்ணுவது, காரணத்தை ஊகிப்பதைவிட மேல்.

95-ஆம் சதமான பில்லிங்கிலும் சராசரிதான் வில்லன். 30 நாள் மாதத்தில் ஐந்து நிமிட மாதிரிகள் 8,640. பெரியதிலிருந்து அடுக்கி மேலே உள்ள 432-ஐத் தள்ளிவிட்டு 433-ஆவது எண்ணை எடுப்பார்கள். அதாவது 36 மணி நேர உச்சம் இலவசம். நீங்கள் கணக்கிட்ட தொகை எப்போதும் குறைவாகவே வருகிறது என்றால் உங்கள் கருவி பழைய தரவைச் சுருக்கி வைக்கிறதா என்று பாருங்கள். எம்ஆர்டிஜி, ஆர்ஆர்டிடூல் வகைக் கருவிகள் சில நாள் கழிந்ததும் ஐந்து நிமிட மாதிரிகளை அரை மணி, இரண்டு மணி நேரச் சராசரிகளாக மடித்துவிடும். மடித்த தரவில் உச்சங்கள் ஏற்கெனவே கரைந்திருக்கும். பில்லிங் லிங்குகளுக்கு மட்டுமாவது ஐந்து நிமிடத் தரவைக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு மடிக்காமல் வைக்க வேண்டும். உள்வருவது, வெளியே போவது இரண்டுக்கும் தனித்தனியாகச் சதமானம் எடுத்துப் பெரியதைப் பார்க்கிறார்களா, அல்லது ஒவ்வொரு மாதிரியிலும் பெரியதை எடுத்துப் பிறகு சதமானம் பார்க்கிறார்களா என்று ஒப்பந்தத்தில் படியுங்கள். இரண்டு முறையும் ஒரே விடை தராது.

போலிங், அதாவது சாதனங்களிடம் எண்களைக் கேட்டு வாங்குவது, தாமதமாவதைப் பற்றி ஒரு வார்த்தை. 48 போர்ட், போர்ட்டுக்கு 10 மதிப்பு என்றால் 480 மதிப்பு. ஒவ்வொன்றாகக் கேட்டால், போய்வரும் நேரம் 50 மில்லிநொடி உள்ள தொலைதூர ஸ்விட்சுக்கு 24 நொடி ஆகும். கெட்பல்க் முறையில் ஒரு தடவைக்கு 25 என்று கேட்டால் ஒரு நொடியில் முடியும். அந்த 25-ஐ 100 ஆக்கினால் இன்னும் வேகம் என்று தோன்றும். ஆனால் பதில் 1,472 பைட்டைத் தாண்டினால் அதைச் சுமக்கும் யுடிபி பாக்கெட் துண்டாகும், வழியில் உள்ள ஃபயர்வால் துண்டுகளைத் தூக்கி எறியும், கருவி டைம்அவுட் என்று புலம்பும். சிறிய சாதனம் பதில் தருகிறது, பல கார்டுகள் கொண்ட பெரிய சேசிஸ் மட்டும் தருவதில்லை என்றால் முதலில் இதைக் குறையுங்கள்.

பிங் போகிறது, இணையம் போகவில்லை

பிங்கை (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை பாக்கெட்) நம்பாதே என்று யாரும் சொல்வதில்லை. பிங் எதை அளக்கிறது என்று தெரிந்து நம்ப வேண்டும்.

முதலில் அளவு. வழக்கமான பிங் மிகச் சிறிய பாக்கெட். நடுவில் எங்கோ எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) குறைந்து, பெரிதாக இருக்கிறது என்று சொல்லும் ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் நெறிமுறை) பதிலையும் யாரோ ஃபயர்வாலில் தடுத்திருந்தால், சின்ன பிங் சிரித்துக்கொண்டே போய்வரும், வலைப்பக்கம் பாதியில் நிற்கும். துண்டாக்காதே என்ற கொடியை வைத்து 1,472 பைட் தரவோடு பிங் அனுப்புங்கள். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்து 1,500. கூடுதல் தலைப்பு சேர்க்கும் பிபிபிஓஇ லிங்க் என்றால் 1,464. ஐபிவி6-இல் தலைப்பு 40 பைட் என்பதால் 1,452. ஐபிவி6 ரௌட்டர்கள் வழியில் துண்டாக்கவே மாட்டா. அதனால் அங்கே ஐசிஎம்பி-யை மொத்தமாக அடைப்பது வலையின் கழுத்தை நெரிப்பதற்குச் சமம். எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்கவே கூடாது என்று ஆர்எஃப்சி 4890 வகைப்படுத்தியிருக்கிறது. ஃபயர்வால் விதி எழுதுபவர் கையில் அதைக் கொடுங்கள்.

அடுத்து எண்ணிக்கை. தொடர்ந்து பிங் அனுப்பி கிராஃப் வரையும் ஸ்மோக்பிங் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு 20 பிங் அனுப்பும். ஒன்று தொலைந்தால் 5 சதவீத இழப்பு என்று காட்டும், ஏனென்றால் அதற்குக் கீழே அதற்கு எண்ணே கிடையாது. இருபதும் திரும்பி வந்தாலும் உண்மை இழப்பு 10 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பு இன்னும் உண்டு. இழப்பே இல்லாமல் 300 பிங் போய்வந்தால் உண்மை இழப்பு ஒரு சதவீதத்துக்குள் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் நெறிமுறையான டிசிபி-க்கு ஒரு சதவீதம் என்பதே பெரிய அடி.

மூன்றாவது, பாதை. நான்கு லிங்குகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள், அதில் ஒன்றில் பிழை. எந்த பாக்கெட் எந்த லிங்கில் என்பதை முகவரி, போர்ட் எண்களிலிருந்து போடும் ஹாஷ் என்ற கணக்கு முடிவு செய்கிறது. பிங்குக்கு போர்ட் எண் கிடையாது, அதனால் அது எப்போதும் ஒரே லிங்கில் போகும். ஒன்று எல்லாம் சரி என்று சொல்லும், இல்லையென்றால் எல்லாம் நாசம் என்று சொல்லும். பயனர்களில் நான்கில் ஒருவர் மட்டும் திட்டுவார். யுடிபி சோதனையை 16 வெவ்வேறு மூல போர்ட்டுகளில் ஓட்டுங்கள். பதினாறும் கெட்ட லிங்கைத் தவறவிடும் வாய்ப்பு ஒரு சதவீதம்தான். போகும் வழிக்கு ஒரு ஹாஷ், திரும்பும் வழிக்கு வேறு ஹாஷ் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் நடு ஹாப் (வழியிலுள்ள ரௌட்டர்) ஒன்றில் 60 சதவீத இழப்பு, ஆனால் கடைசி ஹாப்பில் சுழியம். இதற்கு டிக்கெட் திறந்து அடுத்த நெட்வொர்க்காரரிடம் சண்டைக்குப் போவது இந்தத் துறையின் நிரந்தரத் திருவிழா. டிடிஎல் (பாக்கெட் இன்னும் எத்தனை ஹாப் தாண்டலாம் என்ற எண்) தீர்ந்தது என்ற பதிலை ரௌட்டரின் கட்டுப்பாட்டு சிபியு தயாரிக்கிறது, பாக்கெட்டைக் கடத்துவது வேறு சிப். பதிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி ஆர்எஃப்சி 4443 ஐபிவி6 சாதனங்களுக்குக் கட்டளையே இட்டிருக்கிறது. ஒரு ஹாப்பில் தொடங்கிய இழப்பு அதற்குப் பின் வரும் எல்லா ஹாப்பிலும் கடைசிவரை தொடர்ந்தால் மட்டும் அது இழப்பு. அப்போதும் திரும்பும் வழியில் நடந்திருக்கலாம், எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு ட்ரேஸ்ரூட் வாங்காமல் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பழைய யுடிபி ட்ரேஸ்ரூட் 33434-இல் தொடங்கி ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் போர்ட் எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். இணைப் பாதைகள் இருந்தால் ஒவ்வொரு ஹாப்பும் வெவ்வேறு பாதையின் துண்டாகி, இல்லாத ஒரு பாதையைக் காட்டும். பாரிஸ் ட்ரேஸ்ரூட் வகை அந்த எண்களை மாற்றாமல் வைத்து இதைத் தவிர்க்கிறது.

சேவை ஒப்பந்தத்துக்கு அளக்க வேண்டுமானால் தாமதத்தை அளக்கவே உள்ள நெறிமுறையான ட்வாம்ப், அதாவது ஆர்எஃப்சி 5357, அல்லது அதன் எளிய தம்பி ஸ்டாம்ப், ஆர்எஃப்சி 8762. இரண்டிலும் பதில் தரும் பக்கம் தான் பெற்ற நேரத்தையும் அனுப்பிய நேரத்தையும் எழுதித் தருகிறது, அதனால் எதிர்ச் சாதனத்தின் சோம்பலைக் கழித்துப் பார்க்கலாம். ஒருவழித் தாமதம் வேண்டுமென்றால் இரு பக்கக் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும். தாமதம் எதிர்மறையில் வந்தால் ஒத்திருக்கவில்லை என்று பொருள்.

ஃப்ளோ கணக்கும் எஸ்என்எம்பி கணக்கும் ஏன் ஒத்துப்போகாது

யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போகிறது என்ற ஃப்ளோ பதிவுகளை ரௌட்டரிலிருந்து அனுப்பும் நெறிமுறை ஐபிஃபிக்ஸ். அது பைட்டை எண்ணும்போது ஐபி தலைப்பிலிருந்து எண்ணுகிறது. எஸ்என்எம்பி ஈதர்நெட் ஃப்ரேமிலிருந்து. ஒரு பாக்கெட்டுக்கு 18 பைட் வித்தியாசம். 64 பைட் ஃப்ரேமில் அது 28 சதவீதம். இரண்டையும் ஒரே கிராஃபில் வைத்து ஏன் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

வித்தியாசம் சரியாக நான்கு மடங்கு, இரண்டு மடங்கு என்று முழு எண்ணாக இருந்தால் மாதிரி விகிதம், அதாவது எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்றை எடுத்துப் பார்ப்பது என்பது, தப்பு. ரௌட்டரில் ஆயிரத்துக்கு ஒன்று என்பதை நாலாயிரத்துக்கு ஒன்று என்று மாற்றிவிட்டு, ஃப்ளோ பதிவுகளைப் பெறும் கலெக்டரில் கையால் எழுதி வைத்த பழைய விகிதத்தை மாற்ற மறந்திருப்பார்கள். மாதிரியெடுப்பின் பிழையையும் மனத்தில் வையுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு 100 மாதிரிதான் கிடைத்தது என்றால் பிழை 20 சதவீதம் வரை போகும், 10,000 மாதிரி கிடைத்தால் 2 சதவீதத்துக்குள் வரும். வகுக்கும் எண் மாதிரிகளின் எண்ணிக்கைதான், மொத்தப் போக்குவரத்து அல்ல. சின்ன வாடிக்கையாளரின் ஐந்து நிமிடக் கணக்கை ஃப்ளோவிலிருந்து எடுத்து பில் போடாதீர்கள்.

கலெக்டரை ரீஸ்டார்ட் செய்த பின் பத்து நிமிடம் வெறுமையாக இருக்கிறதா? ஃப்ளோ பாக்கெட்டில் எந்த இடத்தில் என்ன புலம் என்பதைச் சொல்லும் டெம்ப்ளேட் தனியாக வருகிறது. யுடிபி-யில் அதை அவ்வப்போது திரும்ப அனுப்ப வேண்டும், வழக்கமான இடைவெளி 600 நொடி. அது வரும்வரை கலெக்டருக்கு எல்லாம் புரியாத மொழி. இடைவெளியை 60 நொடியாகக் குறைத்தால் செலவு ஒன்றும் பெரிதாக ஏறாது.

தரவு தொலைகிறதா என்று பார்க்க வரிசை எண் இருக்கிறது, ஆனால் ஐபிஃபிக்ஸின் முன்னோடியான நெட்ஃப்ளோ பதிப்பு 9-இல் அது பாக்கெட்டை எண்ணும், ஐபிஃபிக்ஸில் பதிவுகளை எண்ணும். இதைக் குழப்பிக்கொண்ட கலெக்டர் 95 சதவீதம் தொலைந்தது என்று அலறும். உண்மையாகவே தொலைந்தால் முக்கால்வாசி நேரம் குற்றவாளி நெட்வொர்க் கிடையாது. கலெக்டர் இயந்திரத்தின் யுடிபி பெறும் பஃபர் நிரம்பி, கர்னல் கொட்டிக்கொண்டிருக்கும். நெட்ஸ்டாட்டின் யுடிபி புள்ளிவிவரத்தில் பெறும் பஃபர் பிழை ஏறுகிறதா என்று பாருங்கள்.

பிஜிபி அமர்வு ஏறியிருக்கிறது, அப்புறம்?

பிஜிபி என்பது நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழித்தடங்களைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறை. ஆர்எஃப்சி 4273-இன் அட்டவணையில் 1.3.6.1.2.1.15.3.1.2 அண்டை அமர்வின் நிலை. 6 என்றால்தான் நிலைபெற்றது. 3-க்குப் பெயர் ஆக்டிவ். பெயரைப் பார்த்துப் பச்சை விளக்கு போட்டுவிடாதீர்கள், இணைப்புக்கு முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது என்பது அதன் பொருள். இரண்டு போலிங்குக்கு நடுவே விழுந்து எழுந்த அமர்வை இது காட்டாது. அதற்கு 15 என்று முடியும் எண், எத்தனை முறை நிலைபெற்றது என்ற கவுன்ட்டர், அது ஏறினாலே அலர்ட். இந்த அட்டவணை ஐபிவி4 முகவரியால் மட்டும் வரிசைப்படுத்தப்பட்டது. ஐபிவி6 அண்டைகள் இதில் வரவே மாட்டா. டாஷ்போர்டில் எல்லாம் பச்சை, ஐபிவி6 மொத்தமாகப் படுத்திருக்கிறது என்ற நிலைக்கு இதுதான் காரணம். நிறுவனங்களின் சொந்த அட்டவணை அல்லது டெலிமெட்ரி (சாதனமே தரவைத் தொடர்ந்து அனுப்பும் முறை) வழியாகத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

அமர்வு ஏறியிருப்பது மட்டும் போதாது, எத்தனை வழித்தடம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதையும் கண்காணியுங்கள். 2017-இன் ஆர்எஃப்சி 8212 படி, வெளி அண்டைக்குக் கொள்கை எதுவும் எழுதாவிட்டால் எதையும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. இதைப் பின்பற்றத் தொடங்கிய புதிய மென்பொருளுக்கு ஏற்றியதும் அமர்வு அழகாக நிலைபெறும், வழித்தடம் சுழியம். எண்ணிக்கை வழக்கத்தில் பாதிக்குக் கீழ் இறங்கினால் எழுப்பும்படி வைத்துக்கொள்ளலாம். அண்டை உண்மையில் என்ன அனுப்பினார், உங்கள் வடிகட்டி எதைத் தள்ளியது என்று தெரிய வேண்டுமா? பிஎம்பி, அதாவது ஆர்எஃப்சி 7854, கொள்கை படும் முன் வந்ததை அப்படியே வெளியே தருகிறது. வழித்தடக் கசிவு நடந்த மறுநாள் காலையில் இதன் அருமை தெரியும்.

ஆர்பிகேஐ (ஒரு வழித்தடத்தை அறிவிக்க அந்த நெட்வொர்க்குக்கு உரிமை உண்டா என்று பார்க்கும் முறை) சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் சரிபார்ப்பு மென்பொருளையும் கண்காணிக்க வேண்டும். அது செத்தால் ரௌட்டர் தன்னிடமுள்ள தரவைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். ஆர்எஃப்சி 8210-இல் அதற்கான வழக்கமான மதிப்பு 7,200 நொடி. இரண்டு மணி நேரம் கழித்து எல்லா வழித்தடமும் தகவல் இல்லை என்ற நிலைக்குப் போகும், எல்லாமே உள்ளே விடப்படும். எதுவும் உடையாது, யாரும் கூப்பிட மாட்டார்கள், பாதுகாப்பு மட்டும் இருக்காது. செயல்பாடு சரியா என்று பார்க்காமல், கடைசியாக வெற்றிகரமாகப் புதுப்பித்த நேரத்தையும் மொத்தப் பதிவு எண்ணிக்கையையும் அலர்ட்டில் வையுங்கள்.

டெலிமெட்ரிக்கு மாறுபவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. டெலிமெட்ரி நெறிமுறையான ஜிஎன்எம்ஐ-யில் மாதிரி இடைவெளியின் அலகு நானோநொடி. பத்து நொடி வேண்டுமென்றால் 10-க்குப் பிறகு ஒன்பது சுழியம். வெறும் 10 என்று எழுதிவிட்டுச் சாதனம் ஏன் மறுக்கிறது என்று யோசிப்பவர்கள் ஏராளம்.

எண் இருப்பதெல்லாம் தரநிலை இல்லை

ஆர்எஃப்சி எண் இருக்கிறது என்பதாலேயே அது தரநிலை ஆகிவிடாது. 1995-இலேயே இதைச் சொல்வதற்கென்று ஆர்எஃப்சி 1796 எழுத வேண்டியிருந்தது. நெட்ஃப்ளோ 9-ஐ விவரிக்கும் 3954 தகவலுக்கானது மட்டும், ஐபிஃபிக்ஸின் 7011 தான் முழுத் தரநிலை. வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கும் நிறையப் பேர் பயன்படுத்தும் எஸ்என்எம்பி 2சி-யின் ஆர்எஃப்சி 1901 வரலாற்று ஆவணம் என்று ஒதுக்கப்பட்டுவிட்டது. முழுத் தரநிலை என்ற தகுதி பதிப்பு 3-க்குத்தான். அதற்கு மாறும்போது ஒரு சிக்கல் வரும். ஒரு சாதனத்தின் கான்ஃபிகை அப்படியே நகலெடுத்து இன்னொன்றில் போட்டால் இரண்டுக்கும் ஒரே எஞ்சின் அடையாளம் வந்துவிடலாம். பதிப்பு 3 அந்த அடையாளத்தோடு சேர்த்துக் கடிகாரத்தையும் நினைவில் வைக்கிறது, 150 நொடிக்கு மேல் பிசகினால் பாக்கெட்டைத் தள்ளிவிடும். தனித்தனியாகச் சோதித்தால் இரண்டும் வேலை செய்யும், கருவியில் இரண்டையும் சேர்த்தால் மாறி மாறிச் சாகும்.

சாதனங்கள் லாக் அனுப்பும் சிஸ்லாகும் இதே கதைதான். ஆர்எஃப்சி 3164 அன்றைக்கு நடைமுறையில் இருந்ததை எழுதிவைத்த ஆவணம். அதன் நேரக் குறிப்பில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. 2009-இன் 5424 இரண்டையும் சரிசெய்தது, ஆனால் பல சாதனங்கள் இன்னும் பழையதைத்தான் அனுப்புகின்றன. எல்லாச் சாதனத்தையும் யுடிசி-யில் வைத்து, நேரம் சொல்லும் என்டிபி சர்வர்களைக் குறைந்தது நான்கு கொடுங்கள். இரண்டு இருந்து ஒன்று பொய் சொன்னால் எது என்று கண்டுபிடிக்க முடியாது.

கடைசியாக, லிங்க் விழுந்த செய்தி அதே லிங்க் வழியாக, சிஸ்லாகின் யுடிபி போர்ட் 514-இல் கிளம்பினால் எங்கே வந்து சேரும்? வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதுதான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க் விழுந்தபோது பெயரை முகவரியாக மாற்றும் அதன் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் தாமே திரும்பப் பெற்றன, உள்ளே பழுது பார்க்கும் கருவிகளும் கூடவே போய்விட்டன. மேலாண்மை போர்ட்டுகளுக்குத் தனி லிங்க், வேறொரு நிறுவனத்தின் இணைப்பில். அந்த லிங்குக்கு நுழையும் முகவரிகள் டிஎன்எஸ்-ஐ நம்பாமல் எண்ணாக எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். கண்காணிப்பு இயந்திரம் நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள ஓரிடத்துக்கு உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் அந்தக் குரல் வராவிட்டால் போனை அடிப்பது அந்த வெளி இடத்தின் வேலை. மாதத்துக்கு ஒருமுறை கண்காணிப்பு இயந்திரத்தின் கேபிளைப் பிடுங்கி, போன் அடிக்கிறதா என்று பாருங்கள்.